எல்லா செட்டிங்கையும் எங்களிடம் தள்ளிவிடாதீர்கள்: நெட்வொர்க் டிரைவர் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நெட்வொர்க் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரில் எந்த செட்டிங்கை வாடிக்கையாளர் மாற்றலாம் என்று நீங்கள் முடிவெடுக்கும்போது, சர்வர்களைப் பராமரிக்கும் எங்கள் தரப்பையும் கேளுங்கள். நான் கேட்பது இதுதான்: எங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைப் பொறுத்து விடை மாறும் என்றால் அந்த செட்டிங்கைக் கொடுங்கள். கார்டுக்கும் டிரைவருக்கும் தெரிந்ததை வைத்தே தீர்மானிக்க முடிந்ததை நீங்களே தீர்மானியுங்கள்.

இன்டரப்ட் (பாக்கெட் வந்ததென்று கார்டு சிபியுவை எழுப்பும் சைகை) தாமதத்தையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் சிபியுவை எழுப்பாமல், கொஞ்சம் சேரவிட்டு ஒரே தடவையாக எழுப்புவது. 50 மைக்ரோவினாடி வைத்தால் ஒரு க்யூவிலிருந்து (கார்டில் பாக்கெட்டுகள் வரும் வரிசை) வினாடிக்கு 20,000 இன்டரப்டுக்கு மேல் வராது. பேக்கப் சர்வருக்கு அது லாபம். கேட்டவுடன் பதில் சொல்ல வேண்டிய டேட்டாபேஸுக்கு அதே 50 மைக்ரோவினாடி சுமை. மெஷினில் ஓடுவது எது என்பது எங்களுக்குத்தான் தெரியும், அதனால் இது எங்கள் கைக்கு வர வேண்டிய செட்டிங்.

ஆனால் அதைத் தனியாகக் கொடுத்துவிடாதீர்கள். 10 கிகாபிட் இணைப்பில் 64 பைட் பாக்கெட்டுகள் வினாடிக்கு சுமார் 1.488 கோடி வரை வரலாம். அதாவது அந்த 50 மைக்ரோவினாடிக்குள் 744. எல்லாம் ஒரே க்யூவுக்கு வந்து, வந்த பாக்கெட்டுகள் எடுக்கப்படும்வரை காத்திருக்கும் ரிசீவ் ரிங்கில் 512 இடம்தான் இருந்தால், இன்டரப்ட் வருவதற்குள்ளேயே ரிங் நிரம்பிவிடும். தாமதத்தைக் கூட்டியவர் ரிங்கைப் பற்றி நினைத்தே இருக்க மாட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு எண்களும் இணைப்பின் வேகமும் டிரைவரிடம்தானே இருக்கின்றன? பொருந்தாத ஜோடியை ஏற்காதீர்கள், ஏன் என்றும் சொல்லுங்கள். மறுப்பது அதிகம் என்று தோன்றினால், கர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) லாகில் ஒரு வரியாவது எழுதுங்கள். சரி, ரிங்கைப் பெரிதாக்கினால் போதுமே என்பீர்கள். பெரிய பாக்கெட்டுகளுக்கான 9000 பைட் ஜம்போ பஃபர் (ஒரு பாக்கெட்டுக்கான நினைவக இடம்) 4096 என்றால் ஒரு க்யூவுக்கே சுமார் 37 எம்பி, 16 க்யூவுக்கு 590 எம்பி. இதையும் மாற்றும் இடத்திலேயே சொல்ல வேண்டும். ரிங் அளவை மாற்றினால் இணைப்பு ஒரு கணம் அறுபடும் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

அனுப்பும் பக்கம் வேறு கதை. 2012-இல் லினக்ஸ் 3.3-உடன் பைட் க்யூ லிமிட்ஸ் என்ற வசதி வந்தபிறகு, கார்டிடம் எவ்வளவு டேட்டா காத்திருக்கலாம் என்பதைக் கர்னலே அளந்து சரிசெய்துகொள்கிறது. அனுப்பியதையும் முடிந்ததையும் டிரைவர் அதனிடம் சொன்னால் போதும். அந்தச் சில வரிகளைச் சேர்க்காமல், "டிரான்ஸ்மிட் ரிங்கைக் குறைத்துப் பாருங்கள்" என்று எங்களிடம் சொல்வது நியாயமில்லை.

கொடுக்கும் செட்டிங் ஒவ்வொன்றுக்கும் ஒரு கவுண்டர் வேண்டும். ரிங்கில் இடமில்லாமல் போன பாக்கெட்டும் செக்சம் (பிழைச் சோதனை) தவறிய பாக்கெட்டும் ஒரே எண்ணில் கலந்திருந்தால், மாற்றியது பலித்ததா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

அப்புறம், லினக்ஸில் கார்டு செட்டிங்குகளை மாற்றும் பொதுக் கருவியான ஈத்டூலில் இடம் இருக்கும்போது, டிரைவரை ஏற்றும்போது கொடுக்கும் மாட்யூல் பாராமீட்டர் உங்களுக்கென்று தனியாக வேண்டாம். ஒரே மெஷினில் இரண்டு கார்டுகளுக்கு வெவ்வேறு மதிப்பு தேவைப்படலாம். மதிப்பை மாற்ற டிரைவரையே இறக்கி ஏற்றுவது ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் நடக்காத காரியம். ஏற்கெனவே இருக்கும் பாராமீட்டர்களைத் திடீரென்று எடுத்துவிடாமல், சில வெளியீடுகளுக்கு எச்சரிக்கையோடு வைத்திருந்து, எந்த ஈத்டூல் கட்டளைக்கு மாற வேண்டும் என்று அந்த எச்சரிக்கையிலேயே எழுதிவிடுங்கள்.