ஒத்த விதைக் குட்டியை மறைத்து விற்காதீர்கள்: நாட்டு நாய் வளர்ப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதுரை, விருதுநகர், தேனி, திண்டுக்கல் பக்கம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை நாய்களை வைத்துக் குட்டி எடுத்துக் கொடுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

ஆண் குட்டியின் விதைப்பையில் ஒரு விதை மட்டும் இருப்பது, அல்லது இரண்டுமே இல்லாமல் இருப்பது பற்றிய மடல் இது. பேச்சில் ‘ஒத்த விதை’ என்போம், மருத்துவத்தில் கிரிப்டார்கிடிசம். குட்டி வாங்க வருகிறவர் மூக்கைப் பார்ப்பார், வாலைப் பார்ப்பார், நெஞ்சு இறக்கத்தைப் பார்ப்பார். கவட்டில் கை வைத்துப் பார்ப்பவர் மிகக் குறைவு. அதனால் இந்தக் குட்டிகள் தெரியாமலும் விற்கப்படுகின்றன, தெரிந்தும் விற்கப்படுகின்றன. தெரியாதவருக்கு எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறோம். தெரிந்தே விற்பவரிடம், தயவுசெய்து நிறுத்துங்கள் என்று கேட்கிறோம்.

விதை உருவாகும் இடம் விதைப்பை அல்ல. தாய் வயிற்றில் குட்டி இருக்கும்போது, குட்டியின் சிறுநீரகத்தை ஒட்டி அது உருவாகிறது. அங்கிருந்து கயிறு போன்ற ஒரு தசைநார் அதைக் கீழே வழிநடத்தி வருகிறது. பிறந்து 3, 4 நாளில் கவட்டில் உள்ள துவாரத்தைத் தாண்டும். 5, 6 வாரத்தில் பையில் வந்து சேரும். 8 வாரத்தில் இரண்டும் கைக்குத் தட்டுப்பட வேண்டும். 4 மாதத்துக்கு மேல் இறங்குவது அபூர்வம். 6 மாதத்துக்குள் அந்தத் துவாரம் இறுகிவிடும். அதுவரை வராதது பிறகு வராது. வலது விதை இடதைவிட முன்னால் தள்ளி இருந்து புறப்படுகிறது, அது வர வேண்டிய தூரமும் அதிகம். தங்கிப்போவது பெரும்பாலும் வலதாக இருப்பது அதனால்தான்.

இனி கையால் பார்ப்பது. குட்டி தூங்கி எழுந்து சோம்பலாக, உடம்பு கதகதப்பாக இருக்கும் நேரத்தில் பாருங்கள். குளிப்பாட்டிய கையோடு, தடுப்பூசி போட்ட கையோடு பார்க்காதீர்கள். குளிரிலும் பயத்திலும் விதையை மேலே இழுத்துக்கொள்ளும் தசை ஒன்று உண்டு. இறங்கிய விதைகூட அப்போது கவட்டுக்குள் ஏறிவிடும். ஒருவர் குட்டியை நிற்கவைத்துப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பின்னாலிருந்து கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்த்து விதைப்பையை மெல்லத் தடவ வேண்டும். கிடைக்கவில்லை என்றால் மடியில் மல்லாக்கப் போட்டு, விரலில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுக்கொண்டு, ஆண்குறிக்கு இரண்டு பக்கமும் தொப்புள் பக்கத்திலிருந்து பையை நோக்கி விரலை வழுக்கிக்கொண்டு வாருங்கள். அழுத்த வேண்டாம். அழுத்தினால் குட்டி வயிற்றை இறுக்கும், எதுவும் தெரியாது.

அந்த வயதில் விதை ஏறக்குறைய பச்சைப் பட்டாணி அளவு இருக்கும். வழவழப்பாக, நீள்வட்டமாக, விரலுக்கடியில் நழுவும். கொழுகொழுவென்று இருக்கும் குட்டிக்குக் கவட்டில் கொழுப்புத் திரட்சி இருக்கும். அது அமுங்கும், ஓரம் பிடிபடாது. ஆண்குறி ஓரத்தில் நிணநீர் முடிச்சும் தட்டுப்படலாம்; அதைத் தள்ளினால் பையை நோக்கி வராது. இவற்றைத்தான் பலர் விதை என்று நம்பிவிடுகிறார்கள். இன்னொரு தவறு இதைவிட அதிகம்: ஒரே விதையை இரண்டு முறை தொட்டுவிட்டு ‘ரெண்டும் இருக்கு’ என்று சொல்வது. இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே கையில், பக்கம் பக்கமாக உணர்ந்தால்தான் கணக்கில் எழுதுங்கள்.

30, 35 நாளிலேயே குட்டியைக் கொடுத்தனுப்பும் வழக்கத்தால் இந்தச் சோதனைக்கே இடமில்லாமல் போகிறது. அந்த வயதில் இல்லை என்றாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நாய் இனப்பெருக்கம், விற்பனைக்கான 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளும் 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்றுதான் சொல்கின்றன. தாய்ப்பாலுக்கும் தடுப்பூசிக்கும் மட்டுமல்ல, இதற்கும் அந்த 8 வாரம் தேவை.

இப்போது எங்கள் மனதை அதிகம் அழுத்தும் விஷயத்துக்கு வருகிறோம். இது ரத்த வழியில் வருவது. ‘ஒத்த விதைக் கடுவன்தான், ஆனாலும் இருபது குட்டி போட்டிருக்கு, ஒண்ணுக்கும் குறை இல்லையே’ என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. பையில் இருக்கும் ஒரு விதை நன்றாகவே வேலை செய்யும், பெட்டை சினையாகும். குறை ஏன் தெரியவில்லை என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

இந்தக் குறைக்குப் பல மரபணுக்கள் காரணமாக இருக்கலாம். புரிவதற்காக ஒன்று என்று வைத்துக்கொள்வோம். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியும் கெட்டதாக வந்தால்தான் விதை தங்கும். ஒத்த விதைக் கடுவனிடம் இரண்டுமே கெட்டது. அதைச் சுத்தமான பெட்டையோடு சேர்த்தால், எல்லாக் குட்டிக்கும் ஒரு கெட்ட பிரதி போகும். ஆனால் ஒன்றிலும் வெளியே தெரியாது. அந்தக் குட்டிகள் வளர்ந்து, சிறிய வட்டாரம் என்பதால் தங்களுக்குள்ளேயோ உறவு வழியிலோ சேரும்போது, நாலில் ஒரு பங்குக் குட்டிக்கு இரண்டு கெட்ட பிரதியும் சேரும். அதிலும் பாதி பெட்டை. பெட்டைக்கு விதையே இல்லை, ஆகவே குறை தெரியாது. மிச்சம் எட்டில் ஒன்று. எட்டுக் குட்டி போடும் ஈத்தில் ஒரே ஒரு ஆண் குட்டி. ‘எப்பவாவது ஒண்ணு அப்படி வரும்’ என்று தள்ளிவிடுகிறோமே, அந்த ஒன்று. அதற்குள் அந்தக் கடுவனின் பேரக்குட்டிகள் உசிலம்பட்டி முதல் ராஜபாளையம் வரை எத்தனை வீட்டில் நிற்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே கடுவனை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஒத்த விதைக் குட்டி பிறந்தால், பெற்ற பெட்டையும் அதைக் கொடுத்திருக்கிறது. வெளியில் ஒரு குறையும் காட்டாமல் அடுத்த ஈத்திலும் கொடுக்கும். அந்த ஜோடியை மறுபடி சேர்க்கக் கூடாது. கூடப்பிறந்த குட்டிகளையும் இனப்பெருக்கத்துக்கு வைக்காமல் இருப்பதே நல்லது. ராஜபாளையத்தில் வெள்ளை நிறத்தோடு வரும் செவிட்டுத்தன்மையை உங்களில் பலர் அறிவீர்கள். குட்டியின் முதுகுக்குப் பின்னால் தட்டைத் தட்டி, காது திரும்புகிறதா என்று பார்ப்பவர்கள் நீங்கள். அதே கவனத்தை இங்கேயும் வையுங்கள் என்கிறோம். 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் இந்த நான்கு இனங்களையும் பெயர் சொன்னதிலிருந்து வெளிமாநிலத்திலிருந்தும் குட்டி கேட்டு வருகிறார்கள். இங்கே மறைக்கும் குறை இனி இங்கேயே நிற்காது.

நாய்க்கு என்ன ஆகும்? வயிற்றுக்குள் தங்கிய விதை உடல் சூட்டில் கிடப்பதால் விந்து உண்டாகாது. ஆனால் ஆண் சுரப்பு (ஹார்மோன்) நிற்காது. இரண்டுமே தங்கிய நாய் பெட்டை மீது ஏறும், குட்டி தராது. வயது ஏற ஏற, தங்கிய விதையில் கட்டி வரும் வாய்ப்பு இறங்கிய விதையைவிடப் பத்து மடங்கு அளவுக்குக் கூடுதல். அதில் ஒரு வகைக் கட்டி பெண் சுரப்பைச் சுரக்கும். அரிப்பே இல்லாமல் இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி முடி கொட்டும், தோல் கறுக்கும், முலைக்காம்பு பெருக்கும், மற்ற கடுவன்கள் இதைப் பெட்டை என்று பின்தொடரும். அந்தச் சுரப்பு எலும்பு மஜ்ஜையையும் கெடுத்தால் ஈறு வெளுத்து, ரத்தம் உறையாமல் போகும். அந்தக் கட்டத்தில் காப்பாற்றுவது கடினம். தங்கிய விதை முறுக்கிக்கொள்வதும் உண்டு. திடீரென்று வயிற்று வலி, வாந்தி, முதுகைக் கூனிக்கொண்டு நிற்பது என்று வந்தால் அன்றே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம்.

விளக்கெண்ணெய் தடவி உருவிவிட்டால் இறங்கும் என்பதை நம்பாதீர்கள். இழுத்தால் வலியும் வீக்கமும்தான் மிச்சம். ஹார்மோன் ஊசியும் நம்பத்தகுந்த வழி அல்ல. ஊசி போட்டு இறங்கியது என்று சொல்லப்படும் குட்டிகளில் பல, தானாகவே இறங்கியிருக்கக் கூடிய வயதுக் குட்டிகள். இறங்கவே செய்தாலும் ரத்தத்தில் உள்ளது மாறாது. வாங்குகிறவரின் கண்ணுக்கு மட்டும் மறையும்.

வழி ஒன்றுதான்: 6 மாதம் முடிந்த பிறகு, ஒரு வயதை ஒட்டி, இரண்டு விதையையும் அறுவை செய்து எடுப்பது. விதை கவட்டில் இருந்தால் அந்த இடத்திலேயே சின்னக் கீறல். வயிற்றுக்குள் என்றால் வயிற்றைத் திறக்க வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்து எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. உங்கள் ஊர் மருத்துவமனையில் வசதி இல்லை என்றால் மதுரையிலுள்ள பெரிய கால்நடை மருத்துவமனையிலோ திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ கேளுங்கள். வயிற்றுக்குள் தேடும்போது சிறுநீர்ப்பைக்குப் பின்னாலிருந்து விந்துக்குழாயைப் பிடித்துக்கொண்டே போனால் விதை வந்துவிடும். சின்னத் துளைக்குள் கொக்கியை விட்டு, கண்ணால் பார்க்காமல் இழுத்தால் புராஸ்டேட் சுரப்பியையோ சிறுநீர்க் குழாயையோ சேர்த்து அறுத்துவிடும் ஆபத்து இருக்கிறது. செலவுக்குப் பயந்து ‘சின்னக் கீறலிலேயே முடித்துவிடுங்கள்’ என்று மருத்துவரை வற்புறுத்தாதீர்கள்.

பையில் இருக்கும் விதையை மட்டும் எடுத்துவிட்டு அனுப்புவது எல்லாவற்றையும்விட மோசம். பார்ப்பதற்குக் காயடித்த நாய். உள்ளே ஆபத்தான விதை அப்படியே. நாய் கைமாறினால் அடுத்தவருக்கு எதுவும் தெரியாது. அறுவை முடிந்ததும் தட்டில் இரண்டு விதையையும் காட்டச் சொல்லிப் பாருங்கள், சீட்டிலும் ‘இரண்டும் எடுக்கப்பட்டது’ என்று எழுதி வாங்குங்கள். சிப்பிப்பாறை, கன்னி மாதிரி ஒல்லி உடல் வேட்டை நாய் என்றால் மயக்க மருந்து பற்றியும் முன்கூட்டியே பேசுங்கள். தயோபென்டோன் என்ற மயக்க மருந்து கொடுத்தால் கிரேஹவுண்ட் வகை நாய்கள் மயக்கம் தெளிய வெகுநேரம் ஆகும். பிறகு 10 முதல் 14 நாள் கழுத்துக் கூம்பு, ஓட்டம் கூடாது, தையலை நக்கவிடக் கூடாது.

நாய்க் கண்காட்சி நடத்துவோருக்கும் ஒரு வார்த்தை. கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் இனத் தரப்படி ஆண் நாய்க்கு இரண்டு விதையும் முழுதாகப் பையில் இறங்கியிருக்க வேண்டும். ஊர் அளவில் நடக்கும் போட்டிகளிலும் இதைக் கையால் பார்த்த பிறகே களத்தில் விடுங்கள். பரிசு வாங்கிய கடுவனைத் தேடித்தான் பெட்டைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள்.

ஒத்த விதைக் குட்டியை வேண்டாம் என்று ரோட்டில் விட்டுவிடாதீர்கள். ஓடும், குரைக்கும், தோட்டம் காக்கும், பிள்ளைகளோடு விளையாடும். எதிலும் அது குறைந்த நாய் அல்ல. உள்ளதைச் சொல்லி, விலையைக் குறைத்து, வீட்டுக் காவலுக்கு என்று கொடுங்கள். ஒவ்வொரு ஆண் குட்டியோடும் ஒரு அட்டை போகட்டும். தடுப்பூசித் தேதிக்குக் கீழே இரண்டே வரி போதும்: ‘8 வாரம் — இடது: இருக்கிறது. வலது: இல்லை. 6 மாதத்தில் மறுபடி பார்க்கவும். இறங்காவிட்டால் இரண்டும் எடுக்கவும். இணை சேர்க்கக் கூடாது.’ அதன் கீழே உங்கள் கையெழுத்து. குட்டியின் தாய், தகப்பன் பெயரோடு அதே வரியை உங்கள் நோட்டிலும் எழுதி வையுங்கள். அடுத்த ஈத்துக்கு ஜோடி தேடும்போது முதலில் திருப்ப வேண்டிய பக்கம் அது.

இப்படிக்கு,
மதுரை வட்டாரத்தில் நாய் மருத்துவமும் நாட்டு நாய் வளர்ப்பும் செய்வோர் சிலர்