கேலி எங்கே முடிகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

இங்கிலாந்துக் கால்பந்து மைதானங்களில் செல்சி வீரர்களையும் ரசிகர்களையும் ஆண்களுடன் உறவுகொள்ளும் ஆண் பாலியல் தொழிலாளிகள் என்று இழிக்கும் கோஷம் பல ஆண்டுகளாக ஒலிக்கிறது. அது வெறுப்புக் குற்றமாகக் கருதப்படும் என்று அரசு வழக்குத் துறை 2022 ஜனவரியில் அறிவித்தது. 2023 ஏப்ரலில் தன் ரசிகர்கள் எழுப்பிய இதே கோஷத்துக்காக வுல்வ்ஸ் அணி 1,00,000 பவுண்டு அபராதம் கட்டியது.

‘எதிரணியைச் சீண்டத்தானே?’ என்கிறார்கள். தோற்ற அணியை, கோல் விட்ட கோல்கீப்பரை எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம். ஆனால் தன்பாலீர்ப்பு கேவலம் என்று நம்பினால்தான் இந்தக் கோஷம் உறைக்கும். அடி செல்சிக்கு மட்டும் விழுவதில்லை. தன் அணிக்காரர்கள் நடுவிலேயே வாய்மூடி நிற்கும் தன்பாலீர்ப்பாளருக்கும் விழுகிறது.

அபராதம் மட்டும் போதாது. பணம் கட்டுவது கிளப்; கத்தியவர் அடுத்த வாரமும் வருவார். நீதிமன்றம் கத்தியவருக்கே விதிக்கும் மைதானத் தடையோ குறைந்தது 3 ஆண்டுகள். அதற்கு ஆளை அடையாளம் காண வேண்டும். ‘அந்தப் பக்கம் யாரோ கத்தினார்கள்’ என்று மறுநாள் புகார் செய்து பயனில்லை. ஆட்டம் நடக்கும்போதே பிளாக் (இருக்கைப் பகுதி), வரிசை, ஆட்டத்தின் எத்தனையாவது நிமிடம் என்று கிளப்பின் புகார் எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். வெளியூர் ரசிகர்கள் பெரும்பாலும் இடம் மாறி நிற்பதால் இருக்கை எண்ணை மட்டும் நம்ப முடியாது. சட்டை நிறத்தையும் சேர்த்துச் சொன்னால் கேமரா பதிவில் தேடுவது எளிது.

இப்படிக்கு,
கால்பந்து வாசகர், சென்னை