பால் கணக்கும் பிள்ளைக் கணக்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்கக் கன்னியாஸ்திரீகள் வழக்கு பற்றிய கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். ஊழியர்களின் காப்பீட்டில் கருத்தடையும் இருக்க வேண்டும் என்று ஒபாமா அரசு விதி போட்டது. முதியோர் இல்லம் நடத்துகிற 'ஏழைகளின் சிறு சகோதரிகள்' சபையார், அதற்கு வழிவிடும் படிவத்தில்கூடக் கையெழுத்துப் போட மாட்டோம் என்று நின்றார்கள். கடைசியில் 2020 ஜூலையில், அடுத்து வந்த டிரம்ப் அரசு மதக் காரணத்துக்கு விலக்கு கொடுத்தது செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். சரி, அங்கே வேலை பார்க்கும் பெண்களின் பாடு என்ன என்று உங்கள் கட்டுரையாளர் கேட்கிறார். நியாயமான கேள்வி. அதில் எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் போகிற போக்கில், நம்மூர்க் கடற்கரையிலும் போப் பேச்சைக் கேட்டுப் பிள்ளை பெற்றுத் தள்ளினார்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கிறாரே! தள்ளினவர்களில் நானும் ஒருத்தி. நான்கு.

1968-இல் போப் ஆறாம் பவுல் எழுதிய சுற்றுமடல் செயற்கைக் கருத்தடையைத்தான் மறுத்தது. தக்க காரணம் இருந்தால், இயற்கையாகக் கரு தங்காத நாள் கணக்கைப் பார்த்து இடைவெளி விடலாம் என்று அதிலேயே இருக்கிறது. எங்கள் அடுப்படிச் சுவரில் கோயில் காலண்டர் தொங்கும். அதில் தினமும் பென்சிலால் புள்ளி வைப்பேன், பக்கத்தில் தெர்மாமீட்டர் அளவு. என் மாமியார் சாகும்வரை அதைப் பால் கணக்கு என்றே நினைத்திருந்தார். கணக்கு ஒரே ஒரு தடவை தப்பியது. அப்படி வந்தவன்தான் இன்றைக்கு என்னை வைத்துப் பார்க்கிறான். எங்கள் கோயில் பங்கில் பாதிப் பெண்கள் இரண்டோடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் என்பதையும் மறைக்கவில்லை. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொன்னார்களா இல்லையா என்பது அவர்கள் பாடு.

எமர்ஜென்சியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. 1976-இல் நான் ஆசிரியை வேலைக்குச் சேர்ந்த புதிது, கல்யாணம்கூட ஆகவில்லை. மாத முடிவுக்குள் கருத்தடை ஆபரேஷனுக்கு இரண்டு 'கேஸ்' பிடித்துத் தராவிட்டால் சம்பளப் பட்டியலில் பெயர் இருக்காது என்றார்கள். இருபத்திரண்டு வயதுப் பெண் எந்த வீட்டு வாசலில் போய் நின்று, உங்கள் வீட்டுக்காரரை ஆபரேஷனுக்கு அனுப்புங்கள் என்று கேட்பாள்? உடன் வேலை பார்த்த சார் ஒருவர் இரக்கப்பட்டு, தன்னிடம் உபரியாக இருந்த இரண்டு கேஸை என் பெயரில் எழுதிவிட்டார். சம்பளம் வந்தது. அந்த இரண்டு ஆண்களும் யார், எத்தனை வயது, விருப்பப்பட்டுத்தான் போனார்களா என்று நான் கேட்கவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது. என் மனச்சாட்சியைப் பற்றி அன்றைக்கு எந்தப் பத்திரிகையும் கவலைப்படவில்லை.

பழைய கதை என்பீர்கள். என் மருமகளுக்கு இரண்டாவது பிரசவம் ஆகி இரண்டு மாதம் கழித்து வயிற்றுவலி. ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா, "கருத்தடைக்கு வைக்கிற காப்பர்-டி இருக்கிறதே, தெரியாதா?" என்று கேட்டார். தெரியாது. பிரசவ நேரத்துப் பதற்றத்தில் நீட்டிய காகிதங்களில் எல்லாம் என் மகன் கையெழுத்துப் போட்டிருக்கிறான், அதில் அதுவும் ஒன்றாம். அந்த அமெரிக்கக் கன்னியராவது படிவத்தைப் பார்த்துவிட்டுத்தான் மறுத்தார்கள். இங்கே அவளிடம் ஒரு வார்த்தை கேட்க ஆள் இல்லை. இதில் கத்தோலிக்கர் என்ன, இந்து என்ன?

என் மகளும் அரசுப் பள்ளி ஆசிரியைதான். மூன்றாவது பிள்ளைக்கு மகப்பேறு விடுப்பு இல்லை என்று சொல்லிவிட்டதால் சம்பளம் இல்லாமல் வீட்டில் இருந்தாள். அப்புறம் 2024 அக்டோபரில் ஒரு திருமண விழாவில் அன்றைய முதலமைச்சர் ஸ்டாலின், மக்கள்தொகை குறைந்தால் நாடாளுமன்றத் தொகுதி குறைந்துவிடும் என்ற நிலையில், பதினாறு பிள்ளை பெற்றால் என்ன என்று தோன்றுகிறது என்கிற மாதிரி பேசினார். ஊரே சிரித்தது. என் மகள் சிரிக்கவில்லை. விடுப்பில் போன சம்பளத்தைப் பதினாறாவது பிள்ளைக்குச் சேர்த்துத் தருவார்களா என்று கேட்டாள்.

நான் கேட்பது சின்ன விஷயம். இடைவெளி விடுவதைத் திருச்சபை தடுக்கவில்லை என்று அடுத்த இதழில் ஒரு மூலையிலாவது திருத்தம் போடுங்கள். கட்டுரையோடு எங்கள் பனிமய மாதா கோயில் படத்தைப் போட்டிருக்கிறீர்கள். அமெரிக்க வழக்குக்கும் எங்கள் மாதாவுக்கும் என்ன சம்பந்தம்? இணையப் பதிப்பிலிருந்தாவது அதை எடுத்துவிட்டால் நல்லது. சந்தாவை நிறுத்திவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஐந்து வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டித் தொலைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
தூத்துக்குடி.