உழுதவர் ஒருவர், பத்திரத்தில் வேறொருவர்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு, வெயிலில் அலையாதே. இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்குத் திருச்சியிலேயே வேலை அமைந்துவிட்டது. வீட்டில் இப்போதைக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

காஸா செய்திகளைப் பார்த்துவிட்டு, இது மூவாயிரம் வருஷத்து மதச் சண்டை, நாம் பேசி என்ன ஆகப்போகிறது என்று எழுதியிருந்தாய். அப்புறம், அரேபியர்களே நிலத்தை விற்றுவிட்டு இப்போது அழுகிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். இரண்டையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஜெருசலேம் மூன்று மதத்தவருக்கும் புனிதமான ஊர்தான். யூதர்களுக்கு அந்த மண்ணோடு இருக்கும் பழைய உறவும் உண்மைதான். ஆனால் இன்று நாம் பார்க்கும் சண்டைக்கு வயது நூற்றைம்பதுக்குள்தான். சர்வீஸ் முழுக்கப் பதிவு அலுவலகத்தில் கழித்த எனக்கு, அந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க முதலில் கண்ணில் பட்டது பத்திரம்தான்.

1858-ல் ஆட்டோமான் துருக்கி அரசு ஒரு நிலச் சட்டம் கொண்டுவந்தது. அப்போது அதன் ஆட்சியில் இருந்த பாலஸ்தீனத்தில் பெரும்பாலான விளைநிலம் பெயரளவில் அரசுக்குச் சொந்தம். உழுது அனுபவிக்கும் உரிமை குடியானவருக்கு. பல ஊர்களில் நிலத்தைப் பொதுவில் வைத்துக்கொண்டு, ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை குடும்பங்களுக்குள் பங்கை மாற்றிக்கொள்வார்கள். இதற்கு முஷா என்று பெயர். இன்ன நிலம் இன்னார் அனுபவத்தில் இருக்கிறது என்று ஒவ்வொன்றையும் பெயர் போட்டுப் பதிய வேண்டும் என்றது புதுச் சட்டம். குடியானவர்கள் பயந்துவிட்டார்கள். ஏட்டில் பெயர் ஏறினால் வரி வரும், பிள்ளையைப் பட்டாளத்துக்கு இழுத்துப் போவார்கள். பலர் பதியவே இல்லை. பலர் ஊர்ப் பெரிய மனிதர் பெயரிலோ நகரத்து வியாபாரி பெயரிலோ பதிய விட்டார்கள். வரி பாக்கிக்கும் கடனுக்கும் கைமாறிய நிலங்களும் உண்டு. உழுதவர் பாட்டுக்கு உழுதுகொண்டிருந்தார். அவர் பார்த்தே இராத ஒருவர் அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆகியிருந்தார்.

நாசரேத்துக்குத் தெற்கே மர்ஜ் இப்னு ஆமிர் என்ற சமவெளியில், பெய்ரூட்டைச் சேர்ந்த சுர்சுக் என்ற வணிகக் குடும்பம் பெரும்பரப்பைத் தன் பெயருக்கு வாங்கியது இந்தக் காலத்தில்தான்.

அதே சமயம் ரஷ்யாவில் வேறொரு கொடுமை. 1881-ல் ஜார் மன்னர் கொல்லப்பட்டதும் யூதர்கள் மேல் பழி விழுந்து, ஊர் ஊராக அவர்கள் வீடுகளைச் சூறையாடினார்கள். 1882 முதல் ஒரு பகுதியினர் பாலஸ்தீனத்துக்கு வந்தார்கள். 1897-ல் பாசல் நகரில், பாலஸ்தீனத்தில் யூதருக்குத் தாயகம் வேண்டும் என்ற சியோனிஸ்ட் இயக்கத்தின் முதல் மாநாடு, 1901-ல் நிலம் வாங்குவதற்கென்றே யூத தேசிய நிதியம். உயிருக்குப் பயந்து வந்தவர்களை வெறும் ஆக்கிரமிப்பாளர் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. காசு கொடுத்தார்கள், கிரயம் வாங்கினார்கள். பத்திரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சிக்கல் அதற்குப் பிறகுதான். அதுவரை பெரிய நிலக்காரர்களுக்குள் நிலம் கைமாறினாலும் குத்தகைதாரர் அங்கேயே இருப்பார். வாரத்தை வேறொருவருக்கு அளப்பார், அவ்வளவுதான். தேசிய நிதியம் வாங்கிய நிலமோ யூத மக்களின் பொதுச் சொத்து. அதை மறுபடி விற்க முடியாது. குத்தகையும் யூதருக்கே, வேலையும் யூதருக்கே. ஆக, கிரயம் முடிந்தால் குடியானவர் மூட்டை கட்ட வேண்டும். நிலம் விற்பது என்றால் ஊரை விட்டே போவது என்று ஆகிவிட்டது. இந்த மாற்றத்தைத்தான் நான் வேர் என்கிறேன்.

ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். 1910-ல் எலியாஸ் சுர்சுக், அல்-ஃபூலா என்ற கிராமத்து நிலத்தைத் தேசிய நிதியத்துக்கு விற்றார். சுமார் 10,000 துனம். நாலு துனம் ஏறக்குறைய ஒரு ஏக்கர். அங்கிருந்த குடியானவர்கள் கிளம்ப மறுத்தார்கள். நாசரேத்தில் அதிகாரியாக இருந்த ஷுக்ரி அல்-அஸலி அவர்கள் பக்கம் நின்று, பத்திரத்தை ஒப்படைக்க மாட்டேன் என்றார். சலாவுதீன் அய்யூபி என்ற புனைபெயரில் பத்திரிகைகளில் எழுதினார். மேலே இருந்த பெய்ரூட் ஆளுநர் விற்பனை செல்லும் என்றுவிட்டார். 1911-ல் அங்கே மெர்ஹாவியா என்ற யூதக் குடியிருப்பு எழுந்தது. அஸலியை 1916-ல் துருக்கி அரசு வேறு அரசியல் குற்றம் சாட்டித் தூக்கிலிட்டது. நம் துறையில் இருந்த எவருக்கும் அந்த மனிதர் மேல் மரியாதை வரும், சண்முகம். 1920-களில் சுர்சுக் குடும்பம் சமவெளியில் மேலும் பல கிராமங்களை விற்றது.

அதனால்தான் 'அரேபியர்களே விற்றார்கள்' என்று நீ சொல்லும்போது, எந்த அரேபியர் என்று கேட்கத் தோன்றுகிறது. உள்ளூர்ப் பிரமுகர்களும் விற்றார்கள், மறைக்கவில்லை. மேடையில் எதிர்த்துப் பேசிவிட்டுத் திரைமறைவில் விற்றவர்களும் இருந்தார்கள். ஊரை விட்டுக் கிளம்ப வேண்டியிருந்த குத்தகைதாரரை மட்டும் அந்தக் கிரயத்தில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதல் உலகப் போரில் துருக்கியிடமிருந்து பாலஸ்தீனத்தைப் பிடித்த பிரிட்டிஷ்காரர்கள் செய்ததை நீயே அறிவாய். அரேபியருக்கு ஒரு வாக்கு, பிரான்சோடு ஒரு ரகசிய ஒப்பந்தம், 1917 நவம்பர் 2 அன்று, பாலஸ்தீனத்தில் யூதருக்குத் தேசிய இல்லம் அமைய ஆதரவு தருவதாக பிரிட்டிஷ் அமைச்சர் பால்ஃபர் எழுதிய கடிதம். அங்கே பெரும்பான்மையாக இருந்த அரேபியரின் சிவில் உரிமையும் மத உரிமையும் காக்கப்படும் என்றது அந்தக் கடிதம். அரசியல் உரிமை பற்றி மூச்சு விடவில்லை. 1929 கலவரத்தில் ஹெப்ரானில் 67 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்த குடும்பங்கள், எந்தக் குடியானவரையும் வெளியேற்றாதவர்கள். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விசாரணைக்குப் பின் அனுப்பப்பட்ட பிரிட்டிஷ் அதிகாரி ஹோப் சிம்ப்சன், நிலமற்ற குடியானவர் பெருகுவதை 1930-லேயே அறிக்கையில் எழுதினார். அதை வைத்து யூதக் குடியேற்றத்தையும் நில விற்பனையையும் கட்டுப்படுத்த ஒரு கொள்கையை அறிவித்த லண்டன், மறு வருஷமே அதிலிருந்து பின்வாங்கிவிட்டது. அப்புறம் ஹிட்லர். 1938-ல் எவியான் மாநாட்டில் கூடிய நாடுகளில் ஏறக்குறைய எல்லாமே யூத அகதிகளுக்குக் கதவைச் சாத்தின. அவர்கள் வேறெங்கே போவார்கள்?

1947-ல் யூதர்கள் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு, அவர்களுக்குச் சொந்தமான நிலம் ஆறேழு சதவீதம். ஐ.நா. பிரிவினைத் திட்டம் யூத நாட்டுக்கு 55 சதவீதத்தை ஒதுக்கியது. இந்தியா எதிர்த்து வாக்களித்தது. இரண்டு மக்களும் ஒரே கூட்டாட்சியில் இருக்கட்டும் என்ற யோசனையை ஈரான், யூகோஸ்லாவியாவோடு சேர்ந்து முன்வைத்ததும் இந்தியாதான். 1948 போரில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் வீடு இழந்தார்கள். போனவர்களின் சொத்தை எடுத்துக்கொள்ள இஸ்ரேல் 1950-ல் சட்டம் போட்டது. நாட்டுக்குள்ளேயே பக்கத்து ஊருக்கு ஓடி ஒதுங்கியவர்கூட அதன்படி 'இல்லாதவர்'. 1951-ல் ஈராக் தன் நாட்டை விட்டுப் போன யூதர்களின் சொத்தை இதேபோல் முடக்கியது. இரண்டு அநியாயத்தையும் நான் சேர்த்தேதான் நினைக்கிறேன். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

1967 போரில், அதுவரை ஜோர்டான் வசமிருந்த மேற்குக் கரை இஸ்ரேல் கைக்கு வந்தபோது, அங்கே மூன்றில் ஒரு பங்கு நிலத்துக்குத்தான் பதிவு முடிந்திருந்தது. மறு வருஷமே ராணுவம் பதிவு வேலையை நிறுத்தியது. நாப்லஸ் பக்கத்தில் ருஜைப் கிராமத்தாரின் நிலத்தை எலோன் மோரே குடியிருப்புக்காக எடுத்தபோது, அவர்கள் இஸ்ரேல் உச்ச நீதிமன்றத்துக்குப் போய் 1979-ல் ஜெயித்தார்கள். அதன் பிறகு அரசு கையில் எடுத்தது எந்தச் சட்டத்தை என்று நினைக்கிறாய்? அதே 1858 துருக்கிச் சட்டம்! மூன்று வருஷம் உழாமல் கிடந்தால் நிலம் அரசுக்குத் திரும்பும் என்று அதில் ஒரு பிரிவு இருக்கிறது. அதைக் காட்டிப் பெரும்பரப்பை அரசு நிலம் என்று அறிவித்து, குடியிருப்புகளைக் கட்டினார்கள். வரிக்கும் பட்டாளத்துக்கும் பயந்து தாத்தா பதியாமல் விட்டதை, பேரன் ராணுவக் குழுவின் முன் நின்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

மதம் இதில் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் மதச் சண்டை என்று பெயர் வைத்துவிட்டால், மனிதர்கள் கையெழுத்துப் போட்டுச் செய்த இத்தனை காரியங்களுக்கும் யாரும் பதில் சொல்ல வேண்டாம் என்று ஆகிவிடுகிறது. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

கண் தேறியதும் பதில் எழுது. வைகாசியில் கும்பகோணத்துக்குக் கல்யாணத்துக்கு வருவேன், அப்போது உன் வீட்டில் ஒரு நாள் தங்குகிறேன். தங்கச்சியிடம் என் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
ராமலிங்கம்