பார்க்கர் கண்காட்சிக்குத் தோள்கொடுத்தோருக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

சிங்கப்பூரின் முன்னாள் சட்ட அமைச்சர் எட்மண்ட் வில்லியம் பார்க்கரின் வாழ்க்கையைத் தமிழில் எடுத்துரைக்கும் சிறு கண்காட்சியை, எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வாசிப்பு வட்டத்தின் சார்பில் இரண்டு நாள் நடத்தி முடித்தோம். நிறைவு நாள் மாலையில் ஒவ்வொருவரையும் முன்னால் அழைத்துப் பொன்னாடை போர்த்துவதாகத் திட்டம். காற்றோடு வந்த சாரல் பாதித் தளத்தை நனைத்துவிட்டதால், ஒலிபெருக்கியை அணைத்துப் பலகைகளைக் காப்பாற்றுவதே பெரும்பாடாகிவிட்டது. அன்று சொல்ல முடியாமற்போன நன்றியை இம்மடலில் தெரிவித்துக்கொள்கிறோம்.

முதலில் எங்கள் குறையைச் சொல்லிவிட வேண்டும். எட்டுப் பலகைகளில் ஏழு பலகைகளை அரசியலுக்கும் சட்டத்துக்கும் ஒதுக்கியிருந்தோம். விளையாட்டுக்கு ஒன்றே ஒன்று. சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிவதற்கான, 1965 ஆகஸ்ட் 7ஆம் தேதியிட்ட பிரிவினை ஒப்பந்தத்தை வரைந்தவர் என்ற அளவில்தான் எங்களுள் பெரும்பாலோர் அவரை அறிந்திருந்தோம். சிங்கப்பூரின் சார்பில் அதில் கையொப்பமிட்ட பத்துப் பேரில் தமிழரான எஸ். ராஜரத்தினமும் ஒருவர் என்பதால், நம்மவர்களின் பேச்சு எப்படிச் சுற்றினாலும் அந்தத் தாளிலேயே வந்து நிற்கும். வரைவைப் படித்துப் பார்க்கும்படி பக்கத்துப் புளோக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஐயாவிடம் கொடுத்தோம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "எல்லாம் சரி தம்பி, இதில் வியர்வை வாடையே இல்லையே?"

அதன் பிறகு மூன்று மாலைப்பொழுதுகளை ஐயா எங்களுக்காகச் செலவிட்டார். ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தில் படித்த நாளிலேயே பார்க்கர் ஓர் ஆட்டத்தோடு நின்றவர் அல்லர் என்பதையும், அமைச்சராகிக் கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்த பிறகும் அவர் திடலை மறக்கவில்லை என்பதையும் அவர் சொல்லித்தான் நாங்கள் சேர்த்துப் பார்க்கத் தொடங்கினோம். 1964 முதல் 1988 வரை சட்ட அமைச்சர், 1970 முதல் 1990 வரை சிங்கப்பூர் தேசிய ஒலிம்பிக் மன்றத்தின் தலைவர் என்ற இரண்டு வரிகளும் எங்கள் வரைவில் வெவ்வேறு பலகைகளில் கிடந்தன. ஐயா பென்சிலால் ஒரு கோடிழுத்து அவற்றை இணைத்தார். காலாங்கில் தேசிய விளையாட்டரங்கம் திறக்கப்பட்ட 1973ஆம் ஆண்டிலேயே தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகளும் அங்கு நடந்தபோது, மன்றத் தலைவர் இருக்கையில் இருந்தவர் பார்க்கர். மாணவர்களை அழைத்துச் சென்றிருந்த ஐயா, 200 மீட்டர் ஓட்டத்தில் சிங்கப்பூர் வீராங்கனை கிளோரி பர்னபாஸ் தங்கம் வென்றதைப் பற்றிப் பேசும்போது, நிழற்படத்தைப் பார்த்தே முடிவு சொல்ல வேண்டியிருந்த அந்த இடைவெளியைத் தம் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே காட்டினார். விரல்கள் ஏறக்குறைய ஒட்டியே இருந்தன.

பழைய விளையாட்டரங்கம் இடிக்கப்பட்டபோது கழற்றி எடுக்கப்பட்ட இருக்கைப் பலகைகளில் ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்து, எங்களுக்கு இரவல் தந்த அக்காவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். ஓரம் தேய்ந்து, திருகாணித் துளைகளைச் சுற்றித் துருவேறி, இருக்கை எண் பாதி அழிந்த பலகை அது. "தொடாதீர்கள்" என்று எழுதி வைக்கலாமா என்று அவரைக் கேட்டபோது, "உட்காருவதற்குத்தானே செய்தார்கள்?" என்றார். இரண்டு நாளும் அதில் ஆள் மாறி ஆள் உட்கார்ந்திருந்தார்கள்; நாங்கள் மெனக்கெட்டு எழுதிய பலகைகளைவிட அதற்குத்தான் கூட்டம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

பழைய செய்தித்தாள்களைத் தேட உதவிய நூலக ஊழியர்களுக்கும், விளக்கக் குறிப்புகளைத் தமிழில் எழுதிய தொடக்கக் கல்லூரி மாணவிக்கும் கடன்பட்டிருக்கிறோம். "தடகளம்" என்று எழுதச் சொன்ன தமிழகத்து உறுப்பினர்களிடம், இங்கே பள்ளிக்கூடத்தில் "திடல்தடம்" என்றுதான் சொல்வோம் என்று அந்தப் பிள்ளை பணிவோடும் பிடிவாதத்தோடும் நின்றதால், திடல்தடமே வென்றது.

அச்சுப் பிழை எங்களுடையது. பார்க்கர் தங்லின் தொகுதியில் வென்ற 1963ஐ 1936 என்று தட்டச்சு செய்து அனுப்பிவிட்டோம். 1920இல் பிறந்தவரைப் பள்ளிச் சீருடையோடு சட்டமன்றத்துக்கு அனுப்பிய அந்தப் பலகையை, கடையை மூடும் நேரத்தில் புன்னகையோடு மறுபடி அச்சிட்டுத் தந்த அச்சகத்து அண்ணனுக்கு நன்றி.

தொடக்க நாளன்று, நிலம் கையகப்படுத்தும் சட்டத்தைப் பற்றிய பலகையின் முன் நெடுநேரம் நின்ற பெரியவர் ஒருவரையும் இங்கே குறிப்பிட வேண்டும். பார்க்கர் சட்ட அமைச்சராக இருந்தபோது 1966இல் நிறைவேறிய அச்சட்டத்தால் வீடமைப்புக்கும் சாலைகளுக்கும் நிலம் கிடைத்தது என்று மட்டுமே எழுதியிருந்தோம். தம் குடும்பம் கம்பத்து (கிராமத்து) வீட்டை விட்டு வெளியேறிய நாளை அவர் குரல் உயர்த்தாமல் சொன்னார். பிற்காலத் திருத்தத்தின்படி இழப்பீடு நிலத்தின் 1973 நவம்பர் 30ஆம் தேதி மதிப்பைத் தாண்டாதபடி வரையறுக்கப்பட்டு, நில விலை ஏறிய பிறகும் பல ஆண்டுகள் அந்த வரம்பு நீடித்தது என்பதை நாங்கள் ஏன் விட்டோம் என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அன்றிரவே அந்தப் பத்தியைத் திருத்தி எழுதினோம். 1969இல் நடுவர் குழு (ஜூரி) விசாரணை முறை ஒழிக்கப்பட்டதையும், வழக்கறிஞரும் முன்னாள் முதலமைச்சருமான டேவிட் மார்ஷல் அதைக் கடுமையாக எதிர்த்ததையும் கூடவே சேர்த்தோம். ஐயா, நீங்கள் பெயரைச் சொல்லாமலேயே போய்விட்டீர்கள். மறுநாள் நீங்கள் வந்து பார்த்தீர்களா என்பது தெரியாததால், இம்மடல் உங்கள் கண்ணில் பட வேண்டும் என்று விரும்புகிறோம்.

பார்க்கர் தம்மைப்போல் யூரேசியர் (ஐரோப்பிய-ஆசியக் கலப்பு மரபினர்) என்பதால் தம் வீட்டு விசேஷம்போல் எண்ணி, ரவையில் செய்யும் சுகி கேக் செய்து கொண்டுவந்த ஏழாம் மாடி ஆன்ட்டிக்கும் நன்றி. ரவையில் நாம் கேசரியோடு நின்றுவிட்டோமே என்று எங்கள் பொருளாளர் இன்னும் வருந்திக்கொண்டிருக்கிறார்.

இருக்கைப் பலகையை அக்காவின் வீட்டில் பத்திரமாகச் சேர்த்துவிட்டோம். ஆன்ட்டியின் கேக் தட்டும், உரியவர் தேடி வராத இரண்டு குடைகளும் எங்கள் செயலாளரிடம் இருக்கின்றன.

இவண்,
கண்காட்சி ஏற்பாட்டுக் குழுவினர்