வந்தாறுமூலைத் தங்கச்சிக்கும் மற்ற எல்லாருக்கும்

போன கிழமை சர்வரோடு எங்கள் டீம் பட்ட பாடு உங்களுக்கெல்லாம் தெரியும், அதைத் திரும்ப எழுத இப்போது தெம்பில்லை. இப்போது சர்வர் ஓடுகிறது, நேற்றுத்தான் ஒழுங்காகத் தூங்கினேன்.

முதல் நன்றி வந்தாறுமூலை கம்பஸில் (கிழக்குப் பல்கலைக்கழகம்) படிக்கும் அந்தத் தங்கச்சிக்கு. பெயர் போட வேண்டாமாம். நாங்கள் பாவிக்கும் ஓப்பன் சோர்ஸ் லைப்ரரிகளில் (மற்றவர்கள் எழுதி எல்லாருக்கும் திறந்துவிட்ட நிரல் தொகுப்புகள்) புது ரிலீஸ், அதாவது புதுப் பதிப்பு, வந்தால் டீம் பேசிக்கொள்ளும் ஸ்லாக்கில் எல்லாருக்கும் உடனே தெரிய வேண்டும், தேவை அவ்வளவுதான். ஆனால் அந்த நிரல்கள் இருக்கும் கிட்ஹப் தளத்தின் ஸ்லாக் ஆப்பை ரெப்போவின் (ஒரு லைப்ரரியின் நிரல் இருக்கும் இடம்) சொந்தக்காரர் நிறுவியிருக்க வேண்டும், மாற்றம் வந்ததும் தானாகச் செய்தி அனுப்பும் வெப்ஹூக் போடவும் அட்மின் உரிமை வேண்டும், ஊரான் ரெப்போவில் நமக்கு ஏது உரிமை? ரெப்போ பக்கத்தில் 'வாட்ச்' கொடுத்தால் அறிவிப்பு எனக்கு மட்டும்தான். இதை வாட்ஸ்அப் குழுவில் புலம்பிக்கொண்டிருந்தபோதுதான் அவரிடமிருந்து ஒரே ஒரு வரி: "அண்ணா, ரிலீஸ் பக்க முகவரிக்குப் பின்னால டாட் ஏட்டம் என்று போட்டுப் பாருங்கோ."

.atom என்று போட்டேன், புது ரிலீஸ்களை வரிசையாகத் தரும் ஃபீட் வந்து நின்றது! ஸ்லாக்கில் ஃபீடை வாசிக்கும் ஆர்எஸ்எஸ் ஆப்பைச் சேர்த்து அந்த முகவரியைக் கொடுத்தால் போதும், ரெப்போக்காரர் ஒருவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

அந்த வரியோடு அவர் விட்டிருக்கலாம். பரீட்சைக் காலம் வேறு. ஆனாலும் போன் கோல் எடுத்து, சில புரொஜெக்ட்காரர் ரிலீஸே போடமாட்டார்கள், டேக் (பதிப்புக்கு ஒட்டும் பெயர்) மட்டும்தான், அதுக்கு டேக்ஸ் ஃபீடை எடுங்கோ, ஒவ்வொரு சின்னத் திருத்தத்துக்கும் வரும் கமிட் ஃபீடை மட்டும் போட்டுடாதீங்கோ, சேனல் நிரம்பிப் பிறகு ஒருத்தரும் திரும்பிப் பார்க்கமாட்டாங்க என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தார். விடிந்ததும் "வந்திட்டா அண்ணா?" என்று மெசேஜ். அப்போது வரவில்லை, மத்தியானம் முதலாவது அறிவிப்பு வந்து விழுந்தது, டீமே கத்தியது.

கல்லடியில் வீட்டைத் திறந்துவிட்ட மச்சான், டொங்கிளைத் தந்துவிட்டுத் திருப்பிக் கேட்காத காத்தான்குடி நானா, களுவாஞ்சிக்குடியிலிருந்து சோறு கட்டி அனுப்பிய மாமி, பொறுத்துக்கொண்ட வாடிக்கையாளர்கள், எல்லாருக்கும் நன்றி.

அப்புறம் அந்த லைப்ரரிகளை எழுதுகிறவர்கள். 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்ற லைப்ரரியில் பாதுகாப்பு ஓட்டையை அடைக்க 2.15.0, 2.16.0, 2.17.0 என்று அடுத்தடுத்துப் பதிப்புகள் வந்ததே, அதை இரவு பகலாகத் திருத்தியவர்கள் தன்னார்வலர்கள். அவர்களுக்கு நாம் ஒரு வரி எழுதியிருப்போமா? இனிச் சேனலில் ரிலீஸ் விழும்போதெல்லாம் எழுதுவேன்.

மட்டக்களப்பில் வேறு டீம்களுக்கும் இது தேவையென்றால் சனிக்கிழமை பின்னேரம் கல்லடிக்கு வாங்கோ, செய்து தருகிறேன். லாப்டொப்பை மறக்காமல் கொண்டு வாங்கோ.