மேன்முறையீட்டுக் கெடுவைத் தீர்ப்பு நாளிலேயே தமிழில் எழுதிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நுவரெலியா மாவட்டத்துக் கந்தப்பளையில் அரை ஏக்கரில் லீக்ஸும் கரட்டும் செய்கை பண்ணுபவன் நான். 2019இல் ஒரு மொத்த வியாபாரி என்னிடம் மூன்று தவணையாக மரக்கறியைக் கடனுக்கு ஏற்றிச் சென்றார். வரவேண்டியது 186,000 ரூபாய். மத்தியஸ்த சபை இரண்டு முறை அழைத்தும் அவர் வரவில்லை. இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழை வாங்கிக்கொண்டு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தேன். தோற்றுப்போனேன்.

என் கொப்பியில் திகதி, நிறை, விலை எல்லாம் இருந்தன. அவருடைய கையெழுத்து ஒன்றுகூட இல்லை. தீர்ப்பளித்த நீதிபதி மீது எனக்கு வருத்தம் கிடையாது. என் வருத்தமெல்லாம் அன்று மாலை வெறுங்கையோடு பஸ் ஏறியதைப் பற்றியது. தீர்ப்பு சிங்களத்தில் வாசிக்கப்பட்டது. "வழக்குத் தள்ளுபடி, எதிராளியின் செலவையும் கட்ட வேண்டும்" என்பது மட்டுமே தமிழில் என் காதுக்கு வந்தது. இனி என்ன செய்யலாம் என்று நானும் கேட்கவில்லை, எவரும் சொல்லவுமில்லை.

அறுவடை முடிந்து, ஒரு மாதம் கழித்து வேறொரு சட்டத்தரணியிடம் போனேன். கடதாசிகளைப் புரட்டிவிட்டு அவர் கேட்ட முதற்கேள்வி, "மேன்முறையீட்டு அறிவித்தல் கொடுத்தீர்களா?" என்பதுதான். மேன்முறையீடு செய்யப்போவதாக முன்கூட்டியே தெரிவிக்கும் கடதாசி அது. அப்படி ஒன்று இருப்பதையே அன்றுதான் அறிந்தேன். தீர்ப்பு வழங்கிய அதே நீதிமன்றத்தில், 14 நாட்களுக்குள் அதைக் கொடுக்க வேண்டுமாம். தீர்ப்பு நாளும் ஞாயிறும் அரச விடுமுறைகளும் அந்தக் கணக்கில் சேரா. எதிராளியின் செலவுக்குப் பிணையும் வைக்க வேண்டும். பிறகு தீர்ப்பு நாளிலிருந்து 60 நாட்களுக்குள் மேன்முறையீட்டு மனு. அதை விசாரிப்பது குடியியல் மேன்முறையீட்டு அதிகாரமுள்ள மாகாண மேல் நீதிமன்றம். 60 நாட்களில் பாதி மிச்சமிருந்தும், முதற்படியைத் தவறவிட்ட எனக்கு அது உதவவில்லை. அதே கடனுக்காகப் புதிய வழக்குப் போடலாமா என்று கெஞ்சிக் கேட்டேன். தீர்ந்த விடயத்தை மறுபடி வழக்காக்க முடியாது என்றார்.

மேன்முறையீட்டில் வென்றிருப்பேன் என்று நான் சொல்லவில்லை. அங்கே பெரும்பாலும் முதல் நீதிமன்றத்தின் வழக்குப் பதிவேட்டைத்தான் பார்ப்பார்கள். இல்லாத கையெழுத்து அங்கே போனால் முளைத்துவிடாது. ஆனால் போவதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டியவன் நான். அந்த முடிவு என் கைக்கு வராமலே போனது.

எங்கள் பக்கத்து லயத்தில் ஒருவருக்கு நேர்ந்தது வேறு. மண்சரிவால் பாதை மூடி, வழக்குத் தவணை நாளில் அவர் நீதிமன்றத்துக்குப் போய்ச்சேரவில்லை; வழக்குத் தள்ளுபடியானது. அதற்கு வழி மேன்முறையீடு அல்ல. வராததற்கான காரணத்தைச் சத்தியக்கடதாசியோடு மனுவாக, நியாயமான காலத்துக்குள், அதே நீதிமன்றத்துக்குக் கொடுக்க வேண்டும். அவர் விசாரித்து அறிந்து உடனே கொடுத்தார். வழக்கு மீண்டும் எடுக்கப்பட்டது. இருவருக்கும் காதில் விழுந்தது ஒரே 'தள்ளுபடி' என்ற சொல். அதன் பின்னால் இருக்கும் வழிகள் இரண்டு என்பதைத் தோட்டத்து மனிதர் எப்படி அறிவார்?

அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தமிழில் வழக்குத் தொடரவும், நடவடிக்கைகளை அரசு தரும் மொழிபெயர்ப்பின் மூலம் விளங்கிக்கொள்ளவும் எங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. சிறிய தொகைகளுக்கான வழக்குகளுக்கென்றே 2022இல் நாடாளுமன்றம் தனிச்சட்டமும் இயற்றியது. இவ்வளவு செய்தவர்கள் இன்னும் ஒரு தாள் கொடுக்கக் கூடாதா? தோற்றவர் கையில் பதிவாளர் அலுவலகம் அன்றே தமிழில் ஒரு தாளைத் தரட்டும். மேன்முறையீட்டு அறிவித்தலுக்குரிய கடைசித் திகதி, அதைக் கொடுக்க வேண்டிய இடம், வருமானம் குறைந்தவர்களுக்கு உதவும் சட்ட உதவி ஆணைக்குழுவின் அருகிலுள்ள நிலையம், இவை இருந்தால் போதும். திகதியைப் பேனாவால் எழுதினாலே போதும். நீதி அமைச்சு இதைக் கவனிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த வாரம் எங்கள் ஊர்க்காரர் ஒருவருடைய வழக்கில் தீர்ப்பு. கூட வருமாறு கேட்டிருக்கிறார். நாட்காட்டியை எடுத்துக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
மரக்கறிச் செய்கையாளர் ஒருவர்,
கந்தப்பளை.